பின்வரிசையில் நின்ற பனி

கிளென்வாரி தோட்டத் தமிழ் வித்தியாலயத்தின் கணினி அறைக்குள் 2009ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் பதினான்காம் திகதி, திங்கட்கிழமை, காலை பத்து மணியளவில் பனி புகுந்தது. அது ஜன்னல் வழியாகவோ தகரக் கூரையின் ஓட்டை வழியாகவோ வரவில்லை. அன்று ஜன்னல்கள் சாத்தியிருந்தன, வெளியே நல்ல வெயில். மூன்றாம் இலக்கக் கணினியின் திரையிலிருந்து, சோற்றுப் பானையின் மூடியைச் சற்றே தள்ளினால் ஆவி வருவதைப் போல வந்தது. மேசையில் சிறிது நேரம் நின்று, பிறகு தரைக்கு இறங்கி, கணுக்கால் உயரத்தில் பரவி அமைதியானது. பாடம் கேட்டுக்கொண்டிருந்த எட்டாம் ஆண்டுப் பிள்ளைகள் கால்களைத் தூக்கி வாங்கிலில் வைத்துக்கொண்டார்கள். கணினி ஆசிரியர் துஷாந்த் மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தார். வந்த பனி வந்தபடியே இருந்தது. அதிபர் சண்முகவடிவு டீச்சருக்குச் செய்தி போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, பிரிண்டர் நனைந்ததா என்பது. நனையவில்லை என்றதும், பாடத்தைத் தொடரச் சொல்லி அனுப்பினார்.

பாடசாலை நோட்டன் பிரிட்ஜ் அணைக்கு மேலே மூன்று மைல் கட்டைத் தூரத்தில், ஒன்பதாம் நம்பர் மலையின் இடுப்பில் இருக்கிறது. மின்சாரம் கீழே பிறந்தாலும் பாடசாலைக்கு 2003இல்தான் ஏறி வந்தது. கணினிகள் ஆறும் அதற்கு நான்கு வருடம் கழித்து வந்தன. 2009 பாடசாலைக்கு எழுபத்தைந்தாவது வயது. பவள விழா மலர் ஒன்று போடுவது என்று பெற்றோர் கூட்டத்தில் தீர்மானமானது. பழைய மலர்கள் வாழ்த்துச் செய்திகளால் நிரம்பியிருந்தன. அவற்றில் அமைச்சர்கள் இருந்தார்கள், பிள்ளைகள் இல்லை. இந்த முறை பழைய படங்களை ஸ்கேன் செய்து பேஸ்புக்கில் ஒரு குழுவில் போடலாம், பழைய மாணவர்கள் எங்கே இருந்தாலும் தங்கள் நினைவுகளை எழுதுவார்கள், அவற்றை அப்படியே மலரில் சேர்க்கலாம் என்று துஷாந்த் யோசனை சொன்னார். இணையத்துக்கு டொங்கிள் ஒன்று கிடைத்தது. அறைக்குள் சிக்னல் இல்லாதபடியால் அதை நீண்ட வயரில் பூட்டி, ஒரு மூங்கில் கம்பின் நுனியில் கட்டி, அணைக்கு எதிர்ப்பக்கம் பார்த்தபடி ஜன்னல் சட்டத்தின் இடுக்கால் வெளியே நீட்டி வைத்தார்கள். மழைக்கு அதற்கு ஒரு பொலித்தீன் தொப்பியும் போடப்பட்டது.

முதலில் ஏற்றப்பட்டது 1996ஆம் ஆண்டு மலரில் வந்த ஆண்டு பதினொன்று வகுப்பின் குழுப்படம். அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்று ஹட்டனிலிருந்து காலை பத்து மணிக்கு வர வேண்டிய படக்காரர், பஸ் பழுதாகி, பிற்பகல் இரண்டு மணிக்கு வந்தார். கிளென்வாரியில் இரண்டு மணி என்பது அணையிலிருந்து பனி மேலே ஏறும் நேரம். பிள்ளைகளை வரிசைப்படுத்தியவர் இராசரத்தினம் மாஸ்டர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதினெட்டு வருடம் அங்கே படிப்பித்தவர், மலரின் ஆசிரியரும் அவரே. அவரிடம் ஒரு விதி இருந்தது: வெள்ளைச் சப்பாத்து உள்ளவர்கள் முன்னே கதிரையில் இருந்தும் நடுவே தரையில் நின்றும், சப்பாத்து இல்லாதவர்கள் பின்னே வாங்கில் மேலே, கால் தெரியாதபடி. ஏழு பேர் பின்னால் ஏறினார்கள். படக்காரர் பொத்தானை அழுத்திய அந்தக் கணத்தில் பனி பின்பக்கத்திலிருந்து வந்து அந்த ஏழு பேரையும் மூடியது. ரோலில் வேறு பிலிம் இல்லை. அச்சில் முன்வரிசையும் நடுவரிசையும் தெளிவாக விழுந்தன. பின்னால் ஒரு வெள்ளைச் சுவர் இருந்தது. மாஸ்டர் கீழே பதினேழு பேரின் பெயர்களை இடமிருந்து வலமாக எழுதி, கடைசியில் "பின்வரிசையில் ஏனைய மாணவர்கள்" என்று முடித்தார்.

அந்த மலரில் இரண்டு பிரதிகளே மிஞ்சியிருந்தன. அதிபரின் அலுமாரியில் இருந்ததைக் கரையான் தின்றிருந்தது. மற்றதைக் கொண்டுவந்து கொடுத்தவர் மேல் லயத்து வரிசைவீட்டு மீனம்மா. கொழுந்துக்குப் போகும்போது இடுப்பில் கட்டும் படங்கில் அதைச் சுற்றி வைத்திருந்தார். முப்பத்தேழு வருடம் கொழுந்து பறித்து, வேலைப் பதிவில் பெயர் வெட்டி வீட்டில் இருப்பவர். துஷாந்த் பக்கத்தைப் புரட்டியபோது, மீனம்மா வெள்ளைச் சுவரின் வலது ஓரத்தில் விரலை வைத்தார்.

"இங்கனதான் சேர் எம்புள்ள நிக்கிறா, அவளே காட்டினது. ஜீவராணி."

"இதுல ஒன்னும் தெரியலையே அம்மா."

"தெரியாட்டி என்னங்க. நிக்கிறால்ல."

ஜீவராணிக்கு வேறு படம் கிடையாது. பிறப்புப் பத்திரம் இல்லாததால் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கவில்லை. அட்டை இல்லாததால் சோதனை எழுதவில்லை. சோதனை எழுதாததால் 1997 தைப்பொங்கல் முடிந்த கையோடு கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனாள். அடுத்த வருடம் மே மாதம் காய்ச்சலில் இறந்தாள். தோட்டத்துக்கு வரும் கடிதமும் தந்தியும் ஆபீசுக்குப் போய், அங்கிருந்து, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கொடுக்கப்படுவது வழக்கம். வெசாக் லீவில் ஆபீஸ் பூட்டியிருந்தபடியால் தந்தி மூன்று நாள் மேசையில் கிடந்தது. மீனம்மா கொழும்பு போய்ச் சேர்ந்தபோது மண் போட்டு இரண்டு நாளாகியிருந்தது. இதையெல்லாம் அவர் துஷாந்திடம், கடையில் சாமான் சொல்வது போல, ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு, "வாயும் நாடியும் நெனவு இருக்குங்க சேர். அதுக்கு மேல இப்ப வரமாட்டேங்குது. கண்ண மூடினா அங்கயும் இதே வெள்ளதான்," என்றார். உங்கள் கொம்பியூட்டரில் அந்தப் பனியைத் துடைக்க முடியுமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

துஷாந்த் மூன்று நாள் முயன்றார். படம் திருத்தும் மென்பொருளில் வெளிச்சத்தைக் குறைத்தால் முன்வரிசை கறுத்தது; கூட்டினால் பனி சுண்ணாம்பு அடித்தது போல இன்னும் வெளுத்தது. கடைசியில் இருந்தபடியே ஏற்றிவிட்டு, பின்வரிசையில் நின்றவர்களை ஞாபகம் உள்ளவர்கள் எழுதவும் என்று ஒரு வரி போட்டார். முதல் பதில் கட்டாரில் ஒரு ஹோட்டலில் வேலை செய்யும் வீரய்யாவிடமிருந்து, ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழில் வந்தது. தானும் பின்னால்தான் நின்றதாகவும், பக்கத்தில் சோலைமலை நின்றதாகவும், "அவன் சட்டையில ரெண்டு பட்டன் இல்ல, ஊக்கு குத்தியிருந்தான். போட்டோ புடிக்கிறப்ப ஊக்கு கழண்டு வயித்துல குத்திடுச்சு, மூஞ்சிய ஒரு மாதிரி வச்சுக்கிட்டு நின்னான்" என்றும் எழுதியிருந்தார். அதை எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான், மேலே சொன்னபடி, திரையிலிருந்து பனி வெளியேறியது. படத்தில் இடமிருந்து இரண்டாவது இடத்தில் ஒரு பையன் நின்றான், வேப்பங்கொழுந்தை மென்றவன் போல முகத்தைச் சுளித்தபடி. ஹட்டனில் ஆட்டோ ஓட்டும் சோலைமலை பின்னேரம் பதில் எழுதினார்: "அடேய், பதிமூணு வருஷமா காப்பாத்தி வச்ச மானத்த கட்டாருல இருந்து வாங்கிட்டியேடா. இரு, ஒன்னையும் வெளிய எடுக்கிறேன்." எடுத்தார். அன்று வீரய்யா வைத்திருந்த தேங்காயெண்ணெய் அதிகமாகி நெற்றியில் வழிந்ததைச் சோலைமலை எழுதினார். வீரய்யா எண்ணெய் வழிய வெளியே வந்தார். அறையில் பனி இரண்டு அங்குலம் ஏறியது.

அப்படியே ஆறு நாளில் ஆறு பேர் வெளியே வந்தார்கள். இதில் ஒரு முறை இருந்ததைத் துஷாந்த் கவனித்து ஒரு கொப்பியில் எழுதி வைத்தார். கண்ணால் கண்டதை எழுதினால் பனி விலகியது. கண்ட அளவுக்கே விலகியது. பாராட்டி எழுதினால் அசையவில்லை. ரொறொன்ரோவில் மகள் வீட்டில் இருக்கும் இராசரத்தினம் மாஸ்டர், "ஜீவராணி அடக்கமும் ஒழுக்கமும் நிறைந்த மாணவி, ஆசிரியர்களுக்குக் கீழ்ப்படிந்து நடந்தவர்" என்று நல்ல தமிழில் எழுதியபோது, வலது ஓரத்துப் பனி கொஞ்சம் தடித்தது. மற்றவர்களுக்கு அவளைப் பற்றி எழுத ஒன்றும் இருக்கவில்லை. கடைசி ஆளாக ஓரத்தில் நின்றவள். தம்பியைப் பார்த்துக்கொள்ளவென்று வாரத்தில் இரண்டு நாள் வராதவள். குழுப்படத்தில் நிற்பவர்கள் எல்லோரும் கமராவைத்தான் பார்க்கிறார்கள். ஓரத்தில் நிற்பவரைப் பார்ப்பவர் யார்?

மீனம்மா ஒவ்வொரு நாளும் இடைவேளை மணி அடிக்கும்போது வந்து மூன்றாம் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். பனி அப்போது முழங்காலுக்கு வந்திருந்தது; பிள்ளைகள் கம்பளிச் சட்டையோடு பாடம் படித்தார்கள். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள், நான் தட்டுகிறேன் என்றார் துஷாந்த். மீனம்மா யோசித்து, அன்றைக்கு விடிய ஐந்தரை மணிக்கு, குப்பி விளக்கில், தான் தலைவாரி விட்டதாகச் சொன்னார். நடுவகிடு. இரட்டைப் பின்னல். வெள்ளை ரிப்பன் ஒன்று புதிது, ஒன்று பழையது. பழையதைக் கஞ்சியில் முக்கிக் காய வைத்தது. கடைசியில், பின்னால் நின்றபடியே கை நீட்டி வைத்த சாந்துப்பொட்டு. துஷாந்த் தட்டி முடித்ததும் வலது ஓரத்தில் வகிடு தெரிந்தது, பிறகு இரண்டு ரிப்பன்கள், பிறகு நெற்றியில் சாந்துப்பொட்டு. புருவத்துக்கு வந்து பனி நின்றுவிட்டது. பின்பக்கம் இருந்து தலைவாரியவர் அதற்குக் கீழே பார்க்கவில்லை. ஆறு மணிக்குப் பெரட்டுக்கு ஓடியிருந்தார். மீனம்மா திரையைத் தொட்டுப் பார்த்தார். விரல் ஈரமானது. அதைச் சேலையில் துடைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அச்சகத்துக்குப் படங்களைக் கொடுக்க வேண்டிய நாள் ஒக்டோபர் ஒன்பது. ஆறு பேர் கிடைத்ததே பெரிய விஷயம், அப்படியே அனுப்புங்கள் என்றார் அதிபர்.

"ஒரு மொகந்தான் டீச்சர் பாக்கி."

"துஷாந்த், பவள விழா ஒரு மொகத்துக்காக நிக்காது."

"விழா நிக்க வேணாம் டீச்சர். பக்கம் நிக்கட்டும்."

அதிபர் நான்கு நாள் கொடுத்தார். துஷாந்த் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். முகம் தெரிந்த இருபத்துமூன்று பேரில் இருபத்திரண்டு பேர் கமராவை நேரே பார்த்தார்கள். முன்வரிசையில் இரண்டாம் கதிரையில் இருந்த ஒரு பிள்ளை மட்டும் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்; காதும் கன்னத்தின் ஓரமும்தான் விழுந்திருந்தன. அது தயானி, இராசரத்தினம் மாஸ்டரின் மகள், வகுப்புத் தலைவி. படம் வந்த நாளிலிருந்து, அவ்வளவு ஒழுங்கான பிள்ளை அந்த ஒரு கணத்தில் ஏன் திரும்பினாள் என்று கேலி செய்தார்கள். காகம் ஒன்று கத்தியது என்று அவள் சொல்லி வந்தாள். துஷாந்த் அவளுடைய காதிலிருந்து மவுஸால் ஒரு நேர்கோடு இழுத்தார். கோடு நடுவரிசையின் தலைகளுக்கு மேலாகப் போய், வலது ஓரத்தில், இரண்டு ரிப்பன்களுக்கு நடுவே முடிந்தது.

தயானி இப்போது ரொறொன்ரோவில் ஒரு வைத்தியசாலையில் தாதி. தகப்பனுக்குப் பேஸ்புக் திறந்து கொடுத்தது அவர்தான். இருவரும் ஒரே கணினியில், சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் இருந்து, மாறி மாறி அந்தக் குழுவைப் பார்த்து வந்தார்கள். துஷாந்த் அவருக்குத் தனியே எழுதிக் கேட்டார். பதில் தனியே வரவில்லை, படத்தின் கீழே எல்லோரும் பார்க்க வந்தது: "காகம் கத்தினது, திரும்பினன். வேற ஒண்டும் ஞாபகம் இல்லை." அது வந்து சேர்ந்தபோது மீனம்மா கணினிக்கு முன்னால் இருந்தார். அறையின் தரையிலிருந்து கொஞ்சம் பனி மெல்ல எழும்பி, மேசையின் காலைப் பிடித்து ஏறி, திரைக்குள் திரும்பிப் போனது. பொட்டு மறைந்தது. பழைய ரிப்பன் மறைந்தது, புதியதும் மறைந்தது. மீனம்மா திரையில் விரலை வைத்துத் தேடினார். "நேத்து ரிப்பன் இருந்துச்சுங்களே சேர்," என்று மட்டும் கேட்டார், ஏதோ துஷாந்த் எங்கேயோ எடுத்து வைத்துவிட்டு மறந்தது போல.

துஷாந்துக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அவர் எழுதியது மூன்று வரிதான்: "அக்கா, காகத்த எழுதினதும் தெரிஞ்ச ரிப்பனும் போயிடுச்சு. அவங்க அம்மா முன்னாலதான் இருந்தாங்க. அவங்க கிட்ட வேற படம் இல்ல."

பதில் மறுநாள் காலை பத்தே கால் மணிக்கு வந்தது. அப்போது ரொறொன்ரோவில் வீடே தூங்கியிருக்க வேண்டும். சிக்னல் இரண்டு முறை அறுந்தது. ஒரு மாணவி மூங்கில் கம்பை இடப்பக்கமாகத் திருப்பிப் பிடித்தாள். துஷாந்த் அதை மீனம்மாவுக்கு உரக்க வாசித்தார்.

"அண்டைக்குக் காகம் ஒண்டும் கத்தேல்லை. முதல் நாள் மழையில என்ர சப்பாத்து நனைஞ்சிட்டுது. விடிய அடுப்புக்கு மேல காய வச்சன், ஒண்டு கருகிப் போச்சு. அப்பாட்டச் சொல்லப் பயம். சப்பாத்து இல்லாட்டிப் பின்வரிசை எண்டு சொன்னவர் அவர்தானே. தன்ர மகளெண்டு விடமாட்டார். ஜீவராணி அண்டைக்குத்தான் முதல் முதல் புதுச் சப்பாத்து போட்டுக்கொண்டு வந்தவ. முன்னால ரெண்டாவது கதிரை அவவுக்குத்தான். நான் கேட்டன். குனிஞ்சு கழட்டித் தந்திட்டு வாங்கில்ல ஏறினா. நான் அவவின்ர கதிரையில இருந்தன். படம் எடுக்கேக்க, அழுறாவோ எண்டு திரும்பிப் பாத்தன். அழேல்லை. வாங்கில் ஈரம், ஒரு கால் மேல மற்றக் காலை வச்சுக் கொக்கு மாதிரி நிண்டா. நான் பாக்கிறதைக் கண்டிட்டுச் சிரிச்சா. முன்பல்லு ரெண்டும் தெரிஞ்சுது. இடது கன்னத்தில மட்டும் குழி விழுந்தது. கண் ரெண்டும் சின்னனாப் போச்சு. சப்பாத்தை அடுத்த நாள் சேத்தோட குடுத்தன். அவவுக்கு வீட்டில அடி விழுந்ததெண்டு பிறகு கேள்விப்பட்டன். கிட்டப் போகேல்லை. இதை எழுதேக்க அப்பா எழும்பி வந்து பின்னால நிக்கிறார்."

வாசிக்க வாசிக்கப் பனி விலகியது. ரிப்பன்கள் வந்தன, பொட்டு வந்தது, புருவத்தில் சிறிது நின்று, பிறகு இறங்கியது. சிரிப்பில் சுருங்கிய இரண்டு கண்கள், மூக்கு, முன்பற்கள், இடது கன்னத்தில் ஒரு குழி. மீனம்மா முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்தார்.

"நாந்தான் அடிச்சேன்," என்றார் பிறகு. "புதுச் சப்பாத்த சேத்துல போட்டுட்டு வந்தானு வெறகாலயே அடிச்சேன். யாருக்குக் குடுத்தேனு சொல்லவேயில்ல பாருங்க, கள்ளி. அடிய வாங்கிக்கிட்டு இருந்துட்டா." பிறகு, அந்தச் சிரிப்பு தனக்குத் தெரிந்ததுதான் என்று உறுதியானவராய், "இவதான்," என்றார்.

கடைசியாக வெளியே வந்த பனி மற்றப் பனியோடு சேரவில்லை. மேசையிலிருந்து இறங்கி, ஒரு பிள்ளையின் உயரத்துக்கு நின்று, மீனம்மா எழும்பியதும் அவர் பின்னாலேயே வாசலைத் தாண்டி, குறுக்குப் பாதையில் லயத்துக்குப் போனது. கொழுந்து மலையில் நின்ற பெண்கள் பார்த்தார்கள். வெயில் நேரத்தில் பனி நடந்து போவதைப் பற்றி அன்று மத்தியானம் பேசினார்கள். மறுநாள் வேறு பேச்சு இருந்தது.

மூன்றாம் நாள், அச்சகத்துக்குக் கொடுக்கும் கடைசி நாள், இராசரத்தினம் மாஸ்டரின் பதில் வந்தது. அதில் வருத்தமும் விளக்கமும் இல்லை. அது ஒரு திருத்தம்: "1996 மலர், பக்கம் 22, படக்குறிப்பின் இறுதி வரியை நீக்கி, பின்வருமாறு வாசிக்க. பின்வரிசையில் இடமிருந்து வலமாக: வீரய்யா, சோலைமலை, அழகன், மருதை, வீரம்மா, அம்மாக்கண்ணு, ஜீவராணி. முன்வரிசை இரண்டாம் கதிரை ஜீவராணிக்குரியது. பிழை ஆசிரியருடையது." துஷாந்த் அதை ஓர் எழுத்தும் மாற்றாமல் படத்தின் கீழே போட்டார். பக்கத்தை மூடுவதற்கு முன் படத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்தபோது, இரண்டாம் கதிரையில் இருந்த பிள்ளை முன்பக்கம் திரும்பியிருந்தாள். தயானியின் முகத்தை அந்தப் படத்தில் முதல் முறையாகப் பார்த்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பவள விழா மலர் நவம்பரில் வெளியானது. அந்தப் படம் உள்ள முப்பத்தேழாம் பக்கம் காயவில்லை என்று அச்சகத்தார் முறையிட்டார்கள்; ஐந்நூறு பிரதிகளிலும் அந்தப் பக்கம் இன்றும் லேசாக ஈரமாகத்தான் இருக்கிறது, எழுத்து கலையவில்லை. கணினி அறையின் பனி வெளியேறவில்லை. மறு வருடம் வலயக் கல்விக் காரியாலயத்திலிருந்து வந்த அதிகாரி காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு அறையைச் சுற்றி வந்து, சம்பவப் புத்தகத்தில் "கணினிகள் ஆறும் இயங்குகின்றன. பனி முழங்கால் அளவு. கற்பித்தலுக்கு இடையூறு இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அதே வருடம் ஜனவரியில் ரொறொன்ரோவிலிருந்து மீனம்மாவுக்கு ஒரு பார்சல் வந்தது. ஆபீஸ் கிளாக்கர் பெரட்டு வரை வைத்திருக்காமல் அன்றே ஆள் அனுப்பிக் கொடுத்தார். உள்ளே ஐந்தாம் அளவில் ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து இருந்தது, கடிதம் இல்லை. மீனம்மா அதை வாசலுக்கு உள்பக்கம், அந்தப் பனி வந்து நிற்கும் மூலையில் வைத்தார். காலையில் எழும்பிப் பார்க்கும்போது சில நாட்களில் சப்பாத்தில் சேறு இருக்கும், தேயிலை மலையின் சிவந்த சேறு. மீனம்மா தண்ணீர்ப் பீலிக்குக் கொண்டுபோய்க் கழுவி, அடுப்புக்குக் கிட்டக் கொண்டுபோகாமல், வெயிலில் காய வைக்கிறார். திட்டுவதில்லை.